நாற்காலிக் குத்தகை

தஞ்சாவூர் பிள்ளையார்பட்டியை ஒட்டிய மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2024 செப்டம்பர் 23 அன்று. 55,000 சதுர அடி, செலவு 30.50 கோடி ரூபாய். அதே நாளில் சேலத்திலும் ஒன்று திறந்தார்கள். பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துத் திருச்சிற்றம்பலம், டிசம்பரில் தூத்துக்குடி என்று அந்த ஓராண்டுக்குள் நான்கு ஊர்கள். சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறந்தது 2000-ல். அங்கிருந்து தஞ்சைக்கு வந்துசேர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வந்தவரைக்கும் நல்லது. ஆனால் கட்டடம் வந்ததையே தொழில் வந்ததாகக் கொண்டாடிவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகும்: அங்கே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் மாதங்களின் நஷ்டம் யார் தலையில் விடியும்? பகிர்வு அலுவலகம், கோ-ஒர்க்கிங், மேனேஜ்டு ஆபீஸ் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்தத் தொழிலின் வாழ்வும் சாவும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. காவிரி டெல்டாவுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. வயலில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, சண்டை போட்டு, சட்டசபை வரை கொண்டுபோன கேள்வி.

தொழிலின் சூத்திரம் எளிது. ஒரு கட்டடத்தை அல்லது ஒரு தளத்தைப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுப்பது. மேசை நாற்காலி, ஏசி, இணையம், காபி இயந்திரம் எல்லாம் போட்டு, நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று இருக்கை இருக்கையாகச் சில்லறைக்கு விடுவது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளிதான் லாபம். டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விடுவதுதான் இது. குத்தகை என்றால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் மாவுக்கு இத்தனை மூட்டை என்று அளந்தே ஆக வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு: மேல்வாரம் நிலத்துக்காரருக்கு, குடிவாரம் உழுதவருக்கு, காய்ந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்தே காய்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: உலகம் முழுக்கப் பகிர்வு அலுவலக நிறுவனங்கள் விழுந்தது குத்தகையால், எழுந்தது வாரத்தால். தஞ்சையில் இந்தத் தொழில் வேர் பிடிக்க வேண்டுமானால் முதல் நாளே வாரத்தில் தொடங்க வேண்டும். மேல்வாரதாரராக அரசு இருக்க வேண்டும். பகிர்வதும் நாற்காலியோடு நின்றுவிடக் கூடாது.

மார்க் டிக்சன் என்ற ஆங்கிலேயர் 1989-ல் பிரசல்ஸ் நகரில் ரீஜஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் பயணம் போகும் வியாபாரிகள் ஓட்டல் வரவேற்பறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்த காலம். அவர்களுக்கு மேசையும் தொலைபேசியும் ஒரு வரவேற்பாளரும் வாடகைக்குத் தந்ததில் நிறுவனம் பத்தே ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவி, 2000-ல் லண்டன் பங்குச் சந்தைக்கும் வந்தது. அடுத்து டாட்காம் குமிழி உடைந்தது. மாத வாடகைக்கு இருந்த சின்னக் கம்பெனிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. கட்டட முதலாளிகளுக்கு அளக்க வேண்டிய வாடகை மட்டும் அசையாமல் நின்றது. 2003 ஜனவரியில் ரீஜஸின் அமெரிக்கக் கிளை திவால் சட்டத்தின் நிழலில் ஒதுங்கியது. இந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தும், 2010-ல் நியூயார்க்கில் ஆடம் நியூமனும் மிகேல் மெக்கெல்வியும் தொடங்கிய வீஒர்க், அதே கதையைப் பத்து மடங்கு பெரிதாக நடத்திக் காட்டியது. 2019 தொடக்கத்தில் சாஃப்ட்பேங்க் போட்ட பணத்தின் கணக்கில் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர். அந்த ஆண்டே பங்கு வெளியீட்டுக்காகக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டி வந்தபோது குட்டு வெளிப்பட்டது. 2018-ல் வருமானம் 180 கோடி டாலர், நஷ்டம் 190 கோடி. வரும் ஆண்டுகளில் கட்டட முதலாளிகளுக்குத் தர ஒப்புக்கொண்ட வாடகை ஏறத்தாழ 4,700 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்திருந்த உறுதியோ சுமார் 400 கோடிதான். அமெரிக்காவில் அது எடுத்திருந்த குத்தகைகளின் சராசரிக் காலம் 15 ஆண்டு. பங்கு வெளியீடு கைவிடப்பட்டது, நியூமன் வெளியேறினார், 2023 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கொரோனாவை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. பெருந்தொற்று வருவதற்கு முன்பே வரப்பு உடைந்துவிட்டது.

இந்தியாவில் இந்தத் தொழில் பிழைத்தது எப்படி என்பதில்தான் நமக்கான செய்தி இருக்கிறது. அமித் ரமணி 2015-ல் தொடங்கிய ஆஃபிஸ் நிறுவனம் தன் இடங்களில் பெரும்பகுதியை வேறு வகை ஒப்பந்தத்துக்கு மாற்றிக்கொண்டது. உள் அலங்காரச் செலவில் ஒரு பகுதியைக் கட்டட உரிமையாளரே போடுவார். நிலையான வாடகை இல்லை, அல்லது குறைந்தபட்சத் தொகை ஒன்று மட்டும் உண்டு. வருமானம் வர வர இருவரும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால் வாரம். ஆஃபிஸ் 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஸ்மார்ட்ஒர்க்ஸும் இண்டிக்யூபும் 2025 ஜூலையில், எம்பஸி குழுமத்தின் வீஒர்க் இந்தியா அதே ஆண்டு அக்டோபரில் வந்தன. ஐடபிள்யூஜி என்று பெயர் மாற்றிக்கொண்ட பழைய ரீஜஸும்கூட இன்று புதிய கிளைகளில் பெரும்பாலானவற்றைக் கட்டட உரிமையாளரோடு பங்கு போட்டுத்தான் திறக்கிறது. ஆனால் இந்த வளர்ச்சிக் கதையில் விளம்பரத்தில் வராத ஒரு விஷயம் உண்டு. இந்த நிறுவனங்களின் நாற்காலிகளை நிரப்புவது ‘தொழில்முனைவோர்’ என்பது பாதி உண்மைகூட இல்லை. பெரும்பான்மை இருக்கைகள் பெரிய கம்பெனிகளுக்கும், வெளிநாட்டு நிறுவனங்கள் பெங்களூரு, ஐதராபாத், சென்னையில் திறக்கும் மையங்களுக்கும் நூற்றுக்கணக்கில் மொத்தமாகப் போகின்றன. ஒரு மடிக்கணினியோடு தனியாக வந்து உட்காரும் இளைஞர், விளம்பரப் படத்துக்கு அழகு. வரவு செலவுக் கணக்கில் அவர் ஓரத்தில்தான் இருக்கிறார்.

இதை அப்படியே தஞ்சைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நகரத்தில் சுமார் 2.23 லட்சம் பேர். முந்நூறு இருக்கைகளை ஒரே கையெழுத்தில் எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் இங்கே வரிசையில் நிற்கவில்லை. மிஞ்சுவது யார் என்றால், உண்மையான தொழில்முனைவோர்: இரண்டு பேர் கம்பெனி, ஒரு ஆடிட்டரின் உதவியாளர், வீட்டிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலை செய்பவர், கருப்புக் கவுனி அரிசியைப் பொட்டலம் போட்டு இணையத்தில் விற்பவர். வாடகைத் தொழிலுக்கு இவர்களைவிடச் சிக்கலான வாடிக்கையாளர் கிடையாது. வருவார்கள், போவார்கள், ஒரு மாதம் தருவார்கள், அடுத்த மாதம் பொறுக்கச் சொல்வார்கள். மேலவஸ்தாசாவடிக் கட்டடத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நடைபாதை, மாடிப்படி எல்லாம் சேர்த்து ஓர் இருக்கைக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 550 இருக்கைகள். 30.50 கோடியை 550-ஆல் வகுத்தால் ஓர் இருக்கைக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் முதலீடு. அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி போட்டால் மாதம் சுமார் 3,700 ரூபாய். மின்சாரம், காவல், துப்புரவு, லிஃப்ட் பராமரிப்பு, இணையம் எதுவும் இதில் சேரவில்லை; எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தால் வரும் கணக்கு இது. பாதி நிரம்பினால் 7,400. தஞ்சையில் தனியாக வந்து ஒரு நாற்காலி கேட்பவரிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒரு முழு வீட்டின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

அரசுக்கே இது தெரியாமல் இல்லை. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் 2.85 கோடி ரூபாயில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் 38 பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் பகிர்வு அலுவலகமும், 51 பேர் படிக்கும் கூடமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அலுவலக இருக்கைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், மாதத்துக்கு 2,500 என்று கட்டணம் வைத்தார்கள். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த விலை முதலீட்டின் வட்டிக்கே போதாது. ஆனால் வந்து உட்காருபவரின் பைக்கு ஏற்ற விலை அதுதான். இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். மருத்துவக் கல்லூரி சாலையில் ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு மாடியைப் பிடித்து, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, இன்வெர்ட்டர் வாங்கி, பதினோரு மாத ஒப்பந்தத்தில் தொழில் தொடங்கும் ஓர் உள்ளூர் இளைஞரால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. நிரப்பச் சொல்வது அநியாயமும்கூட. நாற்காலி நிரம்ப ஒன்றரை ஆண்டு ஆகும். வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி வாசலில் நிற்பார்.

சரி, தஞ்சாவூரில் யாருக்கு ஐயா நாற்காலி வேண்டும், வீட்டில் திண்ணையும் மாடியும் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. இடப் பஞ்சம் இங்கே இல்லை. ஆனால் தொழிலுக்கு வேண்டியது சதுர அடியைவிட முகவரி. 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவு, கம்பெனி பதிவான 30 நாளுக்குள் ஒரு பதிவு அலுவலகம் இருக்க வேண்டும், அதன் வாசலில் பெயர்ப் பலகை தொங்க வேண்டும் என்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்கு மின் கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ, உரிமையாளரின் சம்மதக் கடிதமோ கேட்பார்கள். டெல்டா வீடுகளில் இந்த இடத்தில்தான் முடிச்சு விழுகிறது. ஈபி கார்டு தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், பாகப்பிரிவினை முடிந்திருக்காது, சித்தப்பா கோயம்புத்தூரில், அத்தை மலேசியாவில். யார் கையெழுத்துப் போடுவது? பலகையை மாட்டிவிட்டால் மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாறச் சொல்லலாம். நூறு யூனிட் இலவசமும் போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஒலிபெருக்கியில் கோயில் பாட்டு ஓடும்போது வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச முடியாது என்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாம். ஒரு பெண் வீட்டில் இருந்தபடி தொழில் செய்தால், அவர் ‘சும்மா வீட்டில்தான் இருக்கிறார்’ என்று சொந்தமும் சுற்றமும் வேலை ஏவுவதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. பகிர்வு அலுவலகம் விற்கும் சரக்கில் பாதி இது: தகராறு இல்லாத முகவரி, வேலை நேரத்துக்கு ஒரு மரியாதை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. வாரத்தின் மீதே தொடுக்கப்படுவது. பாதி அடுத்தவனுக்குப் போகும் என்றால் முழு மனதோடு எவன் உழைப்பான் என்று நூறு ஆண்டுக்கும் முன்பே பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் எழுதினார். டெல்டா அனுபவமும் வாரத்தைப் பொன்னால் எழுதி வைக்கவில்லை. களத்தில் நெல் தூற்றும்போது மிராசுதாரரின் ஆள் நின்று கணக்குப் பார்த்த காலமும், மிஞ்சியதில் உழுதவருக்குக் கைப்பிடி கிடைத்த காலமும் இந்த மண்ணில் உண்டு. 1952-ல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடிதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. 1956-ன் நியாய வாரச் சட்டம் நீர்ப்பாசன நிலத்தில் அதை 60 சதவீதமாக்கியது. பிற்பாடு 75 ஆயிற்று. அதாவது, சண்டை வாரம் என்ற முறையின் மீதல்ல, பங்கின் அளவின் மீது நடந்தது. 1969-ல் ஸ்டீவன் சியுங், 1974-ல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் மார்ஷலுக்குச் சொன்ன பதிலும் இந்தத் திசையில்தான் போகிறது. விளைச்சல் நிச்சயமில்லாத இடத்தில், நஷ்டத்தைத் தாங்கும் தெம்பு ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருந்தால், பங்கு முறை இருவருக்கும் பொருந்திவரும். முயற்சி கொஞ்சம் குறையலாம், ஆனால் ஒரு மோசமான பருவத்தில் உழுதவர் ஒரேயடியாக ஒழிந்துபோக மாட்டார். தஞ்சையில் அலுவலக நாற்காலிக்கு எத்தனை கிராக்கி என்று இன்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமில்லாத விளைச்சலுக்கு நிச்சயமான குத்தகை கேட்பதுதான் ஆபத்து.

கணக்கு மறைப்பார்களே என்றால், மறைக்கத்தான் பார்ப்பார்கள். களத்தில் மரக்கால் போட்டு அளந்த காலத்திலேயே மறைத்தார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை என்பதால், சிறிய நடத்துநரின் ரசீதுப் புத்தகத்தை மட்டும் நம்ப முடியாதுதான். ஆனால் நெல்லைப் போல நாற்காலியை இரவோடு இரவாகக் கடத்த வழியில்லை. கதவைத் திறக்கும் அட்டை யார் எப்போது வந்தார் என்று பதிவு செய்கிறது. கட்டணம் யுபிஐ வழியே வருகிறது. வாரம் போடுவதற்கு இதைவிடத் தெளிவான களம் அந்தக் காலத்தில் யாருக்குக் கிடைத்தது?

அரசுக் கட்டடங்கள் காலியாகத்தான் கிடக்கும் என்ற அவநம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. எல்காட் நிறுவனம் மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் எழுப்பிய தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் நிரம்பப் பல ஆண்டுகள் ஆயின. தஞ்சையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் திருச்சி நவல்பட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனி வரும் என்று காத்திருந்து கட்டியதுதான் அங்கெல்லாம் நடந்த பிழை என்று நினைக்கிறேன். டெல்டாவின் சொந்த அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது. சலோனி மல்கோத்ரா 2007-ல் சென்னை ஐஐடியின் ஆதரவோடு தொடங்கிய தேசிகுரூ, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் உள்ளூர்ப் பட்டதாரிகளை வைத்துத் தரவு வேலைகளைச் செய்து காட்டியது. தென்காசி மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-ல் சின்ன அளவில் தொடங்கி வளர்ந்தது. இரண்டு இடத்திலும் முதலில் வந்தது வேலை, பிறகுதான் கட்டடம் பெருத்தது. தஞ்சை இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்கிவிட்டது. கட்டடம் முதலில் நிற்கிறது. ஆகவே வேலையை உள்ளே அழைத்து வரும் பொறுப்பு கட்டடத்துக்கே வந்து சேர்கிறது.

டெல்டாவில் இதற்கு ஓர் அவசரக் காரணமும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களிலும் உருக்காலை, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்ற தொழில்களுக்குக் கதவைச் சாத்தியது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பிறகு கிடைத்த சட்டம் அது, வேண்டியதுதான். ஆனால் சாத்திய கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவு திறக்காவிட்டால், விவசாயியின் பிள்ளை பேருந்து ஏறித் திருப்பூருக்கோ சென்னைக்கோதான் போவான். புகை இல்லாத, தண்ணீர் குடிக்காத, நிலத்தை விழுங்காத தொழில்கள் இரண்டே வகைதான் மிச்சம்: மேசையில் செய்யும் வேலை, விளைந்ததைப் பக்குவப்படுத்தும் வேலை. நெல் விளையும் நிலத்தில் ஐடி கட்டடம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 55,000 சதுர அடி என்பது ஒன்றேகால் ஏக்கர் தளப் பரப்பு. அதையும் மாடி மேல் மாடியாக அடுக்கியிருக்கிறார்கள். புறவழிச்சாலை ஓரங்களில் மனைப்பிரிவுகள் விழுங்கிய வயல்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல.

விளைந்ததைப் பக்குவப்படுத்துவது என்று வரும்போது, நாற்காலியைத் தாண்டிப் பகிர வேண்டியவை கண்ணில் படுகின்றன. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் குறுவையில் பரவின. அறுவடையோ மழைக்காலத்தின் வாசலில். ஈர நெல் களத்திலேயே முளைவிட்டது. அந்தச் சிக்கலைத் தீர்க்க 1967-ல் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலையோடு ஒட்டி ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். அது பின்னர் தஞ்சாவூருக்கு வந்தது; நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் என்பதிலிருந்து பல பெயர்கள் மாறி, 2021-ல் நிப்டெம்-தஞ்சாவூர் என்ற பெயரோடு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகியிருக்கிறது. அங்கே இயங்கும் உணவுத் தொழில் அடைகாப்பு மையத்தில், சொந்தமாக இயந்திரம் வாங்கப் பணமில்லாதவர் கட்டணம் கட்டித் தன் சரக்கை அங்குள்ள இயந்திரத்தில் அரைத்து, உலர்த்தி, பொட்டலம் போட்டுப் பார்க்கலாம். பரிசோதனைக்கூடமும் பக்கத்திலேயே உண்டு. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் மீட்டுப் பரப்பிய பாரம்பரிய ரகங்களை அவலாக, கஞ்சிமாவாக விற்க நினைக்கும் ஒருவருக்கு, ஏசி அறையில் சுழலும் நாற்காலியைவிட இந்த இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் கிடைப்பது பெரிது. உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்தோடு கட்டப்பட்டது என்பதால், உரிமம் பெற்ற பொதுச் சமையற்கூடம் ஒன்று, எத்தனையோ பேருக்கு முகவரிச் சிக்கலையும் சேர்த்துத் தீர்க்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைக்காரர்கள் 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்களைப் பறிகொடுத்த பிறகு, காயை அப்படியே விற்காமல் எண்ணெயாக, பொடியாக விற்றால்தான் பிழைப்பு என்று பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் பகிர வேண்டியது இயந்திரம்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், வீணை எல்லாமே புவிசார் குறியீடு வாங்கிவிட்டன. ஆனால் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, நொறுங்காமல் பெட்டி கட்டி, ஏற்றுமதிக் காகிதம் போட்டுத் தர ஒரு பொது இடம் இல்லையென்றால், குறியீடு சட்டம் போட்ட சான்றிதழாகச் சுவரில் தொங்கும்.

எனவே டைடல் கட்டடமும் நிப்டெமும், வல்லத்தில் பெரியார் மணியம்மை பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப அடைகாப்பு மையமும், திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ராவின் மையமும் தனித்தனி வேலிக்குள் இருப்பதில் அர்த்தமில்லை. நான்கும் ஒரே நகரத்தைச் சுற்றிப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மேசை ஓரிடம், இயந்திரம் ஓரிடம், ஆய்வகம் ஓரிடம் என்று இருந்தாலும் ஒரே அட்டையில், ஒரே ரசீதில் பயன்படுத்த முடிந்தால் அதுவே தஞ்சையின் பகிர்வு அலுவலகம். பெங்களூருவில் எந்தப் பெரிய நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவியையும் நெல் உமி நீக்கும் இயந்திரத்தையும் தர முடியாது. போட்டி போட வேண்டியது அவர்களிடம் இல்லாத சரக்கில்.

கட்டண முறையிலும் டெல்டாவின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். இங்கே பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை, அறுவடைக்கு அறுவடை வருகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2023-ல் திறந்தும், தண்ணீர் இல்லாமல் அக்டோபரில் மூட வேண்டியதாயிற்று. 2024-ல் ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். அணை பொய்த்த ஆண்டில் உரக்கடைக்குச் செயலி செய்து கொடுத்தவருக்கும் பணம் வராது, ட்ரோனில் மருந்து தெளிக்கும் இளைஞருக்கும் வராது, கல்யாண மண்டபத்துக்குப் படம் எடுப்பவருக்கும் குறையும். கோயில் நிலக் குத்தகைதாரர்களே அந்த ஆண்டுகளில் தள்ளுபடி கேட்டு மனு கொடுக்கிறார்கள். மாதம் தவறாமல் வாடகை என்ற சென்னைப் பழக்கத்தை இங்கே அப்படியே இறக்கினால், முதல் வறட்சியிலேயே நாற்காலிகள் காலியாகும். நாள் கட்டணம், பருவக் கட்டணம், அறுவடை முடிந்து தீர்க்கும் கணக்கு என்று நெகிழ்வு வேண்டும். தனியார் நடத்துநர் இந்த நெகிழ்வைத் தர வேண்டுமென்றால், அவருக்கு மேலே இருப்பவரும் குத்தகை கேட்காமல் வாரம் கேட்க வேண்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் இரக்கம் எதிர்பார்ப்பது நடக்காது.

அரசு மலிவாகக் கொடுத்தால் தனியார் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அரசே நாற்காலி விற்றால் பிழைக்க மாட்டார்தான். அதனால்தான் அரசு நிலத்துக்காரராக இருக்கட்டும், உழுவது உள்ளூர்க்காரராக இருக்கட்டும் என்கிறோம். நிர்வாகத் திறமைக்குப் பஞ்சமான மண்ணும் அல்ல இது. கும்பகோணம் வங்கி என்று 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் தலைமையகத்தைக் கும்பகோணத்தை விட்டு நகர்த்தவில்லை. திருபுவனத்தில் 1955-ல் நெசவாளர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், திகோ சில்க்ஸ் என்ற பெயரில் தறியையும் கடையையும் சந்தையையும் பகிர்ந்துகொண்டே நடக்கிறது. கோ-ஒர்க்கிங் என்ற சொல் சான் பிரான்சிஸ்கோவில் 2005-ல் புழக்கத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். திருபுவனத்து நெசவாளர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே செய்து முடித்த வேலையில் கொஞ்சம் இதிலும் இருக்கிறது.

மினி டைடல் பூங்காக்களுக்குப் பொறுப்பான டைடல் நியோ நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை நீளமானதல்ல. மேலவஸ்தாசாவடிக் கட்டடத்தில் ஒரு தளத்தைப் பெரிய கம்பெனிகளுக்கு ஒதுக்காமல் நிறுத்தி வையுங்கள். அதை நடத்த மாவட்டத்துக்காரர்களிடம் ஒப்பந்தம் கேளுங்கள். நிலையான வாடகை வேண்டாம், வருமானத்தில் பங்கு போதும், முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்தபட்சத் தொகையும் வேண்டாம். நாள் கட்டணம் கொளத்தூரைவிட அதிகமாகக் கூடாது. நிப்டெமோடு ஒரு புரிந்துணர்வு செய்து, இயந்திர நேரத்தையும் அதே கட்டணச் சீட்டில் சேருங்கள். அடுத்தடுத்த ஊர்களுக்கு மினி டைடல் அறிவிப்பதற்கு முன்பு, திறந்துவிட்ட ஊர்களின் கணக்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள்: எத்தனை நாற்காலி நிரம்பியது, என்ன வாடகைக்கு, உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த மாவட்டத்துக்காரர்கள்.